மாதமா, கிழமையா, இன்றைக்கு மட்டுமா? முதியோர் இல்லச் சுவருக்கு எந்தக் கலண்டர்?

கொழும்பு வெள்ளவத்தையில் என் பெரியம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் முன்பு மாத நிகழ்ச்சித் தாள் மட்டும்தான் ஒட்டியிருக்கும். ஒரு நாள் காலை, ‘செவ்வாய்’ என்ற தலைப்பில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்தவருக்கு, விரல் ஒரு பெட்டி தவறி அடுத்த கிழமையில் நின்றுவிட்டது. ‘பஜனை, 10 மணி’. சீலை மாற்றிக்கொண்டு போய் வெறும் மண்டபத்தில் முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறார். “இண்டைக்கு ஒருத்தரும் வரேல்லை, பிள்ளை” என்று பின்னேரம் அவர் சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. அதன் பிறகுதான் மூன்று விதமாகவும் செய்து பார்த்தேன்.

மாதத் தாளில் இடம்தான் சிக்கல். ஏ4 தாளைக் கிடையாக வைத்து, ஓரம் விட்டு ஏழாகப் பிரித்தால் ஒரு பெட்டி 4 சென்ரிமீற்றர்கூட வராது. 18 பொயின்ட் எழுத்தில் ‘உடற்பயிற்சி’ என்று அடித்தாலே பெட்டி நிறைந்துவிடும். நேரத்துக்கும் சிங்களத்துக்கும் எங்கே போவது? எழுத்தைச் சிறிதாக்குவார்கள். ஆனால் போயா (பௌர்ணமி விடுமுறை) என்றைக்கு, அந்த விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவார்களா என்று பார்க்க மாதத் தாளே வசதி.

ஒரு வாரத்துக்கான கிழமைத் தாளை ஏ3இல் நெடுக்காக அடித்தேன். தலைப்புப் போக நாளுக்கு 5 சென்ரிமீற்றர் உயரம், தாளின் முழு அகலம். 28 பொயின்டில் தமிழ், அதன் கீழ் சிங்களம், இடப்பக்கம் நேரம். இடமிருந்து வலமாக ஒரே வரி வாசிப்பு, விரல் வழிதவறாது. மாதத்தில் நாலைந்து தடவை அடிக்க வேண்டியிருப்பதுதான் இதில் உள்ள வேலை.

இன்றைய நாளை மட்டும் எழுதும் வெள்ளைப் பலகைதான் ஞாபக மறதி உள்ளவர்களுக்கு மிக எளிது, யாராவது தினமும் அழித்து எழுதினால். ஞாயிறு ஆள் குறைவு. திங்கள் காலையிலும் சனிக்கிழமை பஜனையே நிற்கும். இன்று என்ன கிழமை என்று தடுமாறுபவருக்குப் பிழையான பலகையை விடப் பலகை இல்லாததே மேல்.

என் தெரிவு கிழமைத் தாள். பலகையை, பொறுப்பாக ஒருவர் இருந்தால் மட்டும், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைக்கலாம். மாதத் தாள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் வட்ஸ்அப்புக்குப் போகட்டும்.

எதைத் தெரிந்தாலும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தே வேண்டும். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகும்; வெளிர்நீலமும் மஞ்சளும் அவர்களுக்குக் கரைந்துவிடும். பளபளக்கும் லமினேட்டும் வேண்டாம், டியூப் லைட் அதில் விழுந்து பாதி எழுத்தை மறைக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். தாளின் நடுப்பகுதி அங்கே வரட்டும்.

தாளை ஒரு மட்டையில் ஒட்டி, அன்றைய வரிக்கு நேரே ஓரத்தில் சிவப்பு உடுப்புக் கிளிப் ஒன்று மாட்டியிருக்கிறோம். காலைத் தேத்தண்ணி குடித்ததும் அதை ஒரு வரி கீழே இறக்குவது இப்போது பெரியம்மாவின் வேலை.