போலோ ஜிடி டிஎஸ்ஐக்கு 15 இஞ்ச் டயரா, 16ஆ, 17ஆ? மூணையும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதறேன்

நம்ம வண்டி 2015 ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைசக்தி, 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். இவ்ளோ டார்க் குடுத்துட்டு கம்பெனி போட்டு அனுப்புன டயர் 185/60 ஆர்15, அதாவது அகலம் 185 மிமீ, பக்கவாட்டு ரப்பர் (சைடுவால்) உயரம் அந்த அகலத்துல 60 பர்சென்ட், ரிம் 15 இஞ்ச். மழை பேஞ்ச ரோட்ல சிக்னல் விழுந்து கொஞ்சம் அழுத்துனாலே முன்னாடி வீல் சறுக்கி டேஷ்போர்டுல ட்ராக்‌ஷன் லைட்டு மினுக்கும், இந்த வண்டி வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் இது பழகுன விஷயம். அதனால டயர் மாத்தணுமா வேண்டாமாங்கறது கேள்வியே இல்ல. எதுக்கு மாத்தறதுங்கறதுதான் கேள்வி.

ஆறு வருஷத்துல மூணையும் போட்டுட்டேன். முதல்ல அதே ரிம்ல 195/60 ஆர்15, அப்புறம் ஆசைப்பட்டு 205/45 ஆர்17, இப்ப 195/55 ஆர்16.

முதல்ல கணக்கு. பழைய டயரோட மொத்த உயரம் 603 மிமீ. 195/60 ஆர்15 போட்டா 615, 17 இஞ்ச் போட்டா 616, 16 இஞ்ச் போட்டா 621. அதாவது 2, 2.2, 3 பர்சென்ட் கூடுது. 16 போட்டப்புறம் மீட்டர் அதே 100 காட்டுனாலும் வண்டி முன்னைவிட 3 பர்சென்ட் வேகமா போகும், அதை மனசுல வெச்சு ஓட்டணும். இந்த மொத்த உயரத்தை வெச்சுத்தான் பாதி பேரு முடிவு எடுக்கறாங்க, ஆனா நம்ம ஊரு ரோட்டுக்கு பாக்க வேண்டியது சைடுவால் உயரம். பழைய டயர்ல ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவுல 111 மிமீ ரப்பர் இருக்கு, 195/60ல 117, 16ல 107, 17ல வெறும் 92. குழில இறங்குறப்ப ரிம்மைக் காப்பாத்தறது அந்த ரப்பரும் உள்ள இருக்கற காத்தும் மட்டும்தான்.

195/60 ஆர்15 பத்தி நீட்டி சொல்ல ஒண்ணும் இல்ல. செலவு கம்மி, ரிம் அதே ரிம், போல்ட் அதே போல்ட், லோட் இண்டெக்ஸ் (டயர் எவ்ளோ எடை தாங்கும்ங்கற நம்பர்) 84ல இருந்து 88 ஆகுது, ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி அடி தட்டறதும் கொஞ்சம் குறையும். நல்ல கிரிப் உள்ள டயரா பாத்து போட்டா மழைல பிரேக் புடிக்கறதுல வித்தியாசம் அன்னிக்கே தெரிஞ்சுடும். குறைன்னா ஒண்ணுதான், ஸ்டியரிங் திருப்புனதுக்கும் வண்டி திரும்பறதுக்கும் நடுவுல ஒரு சின்ன தயக்கம். ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுலயும் ஒவ்வொரு வளைவுக்கும் சைடுவால் முதல்ல சாஞ்சு அப்புறமாத்தான் வண்டி திரும்புது. குடும்பத்தோட போறப்ப அது ஒரு குறையே இல்ல, தனியா போறப்பதான் உறுத்தும்.

அந்த உறுத்தல்லதான் 17க்கு போனேன். பாக்க அவ்ளோ அழகு, பொய் சொல்ல மாட்டேன். வீல் ஆர்ச்சுக்குள்ள டயர் நிறைஞ்சு நிக்கறதைப் பாத்தா பார்க்கிங்ல விட்டுட்டு ரெண்டு தடவை திரும்பிப் பாக்க தோணும். நல்ல ரோட்ல ஸ்டியரிங் கத்தி மாதிரி, நினைச்ச இடத்துல போய் நிக்கும். ஆனா கழட்டுன பழைய வீலையும் புது வீலையும் வீட்ல எடை மெஷின்ல வெச்சுப் பாத்தேன், பழசு டயரோட 16 கிலோ, புதுசு 20 கிலோ. ஒரு வீலுக்கு நாலு கிலோ, அதுவும் ஸ்பிரிங்குக்கு கீழ சுத்திட்டே இருக்கற எடை. அதனால சின்ன மேடு பள்ளத்துலகூட சஸ்பென்ஷனால வீலை ரோட்டோட ஒட்டி வெச்சுக்க முடியல, பேட்ச் போட்ட ரோட்ல வளைவு எடுத்தா வண்டி பக்கவாட்டுல குதிக்குது. அதாவது எந்த ஹேண்ட்லிங்குக்காக 17 போட்டமோ அந்த ஹேண்ட்லிங் வழவழ ரோட்ல மட்டும்தான் கிடைக்குது. சிட்டில நின்னு நின்னு கிளம்பறப்ப சோம்பலும் தெரியுது.

எட்டாவது மாசம் நீலாம்பூர் பைபாஸ்ல ராத்திரி ஒரு குழி, தண்ணி நின்னதால தெரியல. டொக்குன்னு ஒரே சத்தம். காலைல பாத்தா முன் இடது டயரோட பக்கத்துல அரை எலுமிச்சம்பழம் ஒட்ட வெச்ச மாதிரி புடைச்சு நிக்குது. உள்ள இருக்கற நூல் அறுந்துபோய் வெறும் ரப்பர் மட்டும் காத்தைத் தாங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அதோட ஹைவேஸ் ஏறவே கூடாது, பேட்ச் போட்டு சரி பண்றதுக்கும் வழி கிடையாது. மாத்தலாம்னு கடை கடையா ஏறுனா அந்த சைஸ் கையிருப்புல இல்ல. 2020 ஜூன்ல டயர் இறக்குமதிக்கு கவர்மெண்ட் கட்டுப்பாடு போட்டதுல இருந்து இந்த மாதிரி சைஸுக்கு கேட்ட பிராண்டு கிடைக்கறது கஷ்டம், விலையும் அப்படி.

195/55 ஆர்16ல இந்த தொல்லை இல்ல. ஐ20, பலேனோன்னு பல வண்டில 16 இஞ்ச் வர்ற வேரியண்ட்டுக்கு இதே சைஸ்தான், சின்ன ஊரு கடைலகூட நாலஞ்சு பிராண்டு வெச்சிருப்பாங்க. போலோ ஜிடிக்கே பிற்பாடு வந்த வருஷங்கள்ல கம்பெனி 16 இஞ்ச் குடுத்தாங்க, அந்த சஸ்பென்ஷனுக்கு இது ஒத்து வரும்ங்கறதுக்கு அதைவிட என்ன வேணும். நான் எடுத்தது லேசான ஃப்ளோ ஃபார்ம்டு ரிம் (உருளையால அழுத்தி மெல்லிசாக்குன அலாய்), டயரோட சேத்து கிட்டத்தட்ட பழைய எடைதான் வந்துச்சு. 17ல இருந்த கூர்மைல முக்கால்வாசி இதுல இருக்கு, 15ல இருந்த சாஃப்ட்டும் பெருசா போயிடல. வால்பாறை இறக்கத்துல அந்த தயக்கம் இல்ல, பொள்ளாச்சி ரோட்டு பேட்ச்ல குதிக்கவும் இல்ல. என்னைக் கேட்டா ரிம் வாங்க காசு இருந்தா 16, இல்லன்னா அந்தக் காசுல நல்ல 195/60 ஆர்15. மட்டமான 16 இஞ்ச் டயரைவிட நல்ல 15 இஞ்ச் டயர் எவ்வளவோ மேல். 17 வேணும்னே அடம்புடிக்கறவங்க ரிம் எடையை கேட்டுட்டு வாங்குங்க, 88 லோட் இண்டெக்ஸ் உள்ள எக்ஸ்எல் (கூடுதல் எடை தாங்கற) டயரா எடுங்க, ராத்திரி மழைல மெதுவா ஓட்டுங்க.

ரிம் எதுவா இருந்தாலும் பொருத்தம் பாக்காம வாங்காதீங்க. போலோவுக்கு பிசிடி 5x100, அதாவது 100 மிமீ வட்டத்துல 5 போல்ட் ஓட்டை, நடு ஓட்டை 57.1 மிமீ. வெளில விக்கற ரிம் பலதுல நடு ஓட்டை 73.1 இருக்கும், அந்த இடைவெளியை அடைக்கற வளையம், ஹப் ரிங், போட்டே ஆகணும், இல்லன்னா எத்தனை தடவை பேலன்சிங் பண்ணாலும் 80, 90ல ஸ்டியரிங் ஆடும். ஆஃப்செட்டும் பாக்கணும், அதாவது ரிம் வண்டில ஒட்டுற முகம் ரிம்மோட நடுக்கோட்டுல இருந்து எத்தனை மிமீ தள்ளி இருக்குங்கறது, ஈடின்னு எழுதிருக்கும். 6 இஞ்ச் அகல ஈடி 40 ரிம்ல இருந்து 7 இஞ்ச் ஈடி 40க்குப் போனா உள்ள 12.7, வெளிய 12.7 மிமீ கூடும், அதே 7 இஞ்ச் ஈடி 35னா வெளிய மட்டும் 17.7 வந்துடும், அப்ப பின் சீட்ல மூணு பேரு உக்காந்தா ஃபெண்டர்ல உரசும்.

போல்ட்டைப் பத்தி தனியா சொல்லியாகணும், ஏன்னா இதுதான் உயிர் போற விஷயம். இந்த வண்டில நட் கிடையாது, எம்14 போல்ட், அதுவும் தலைக்கு அடிப்பக்கம் உருண்டையா இருக்கும். வெளி ரிம் பெரும்பாலும் கூம்பு மாதிரி சரிஞ்ச ஓட்டையோட வரும். நான் 17 மாட்டுன கடைல பழைய உருண்டை போல்ட்டையே போட்டு ஏர் கன்னுல இறுக்கி அனுப்பிட்டாங்க. ஒரு வாரத்துல முன்னாடி இருந்து கடக் கடக்னு சத்தம். வீட்ல கழட்டிப் பாத்தா ஓட்டை சுவர்ல நூல் கனத்துக்கு ஒரே ஒரு பளபள வட்டம், மொத்த போல்ட்டும் அந்த கோட்டுல மட்டும்தான் புடிச்சிருக்கு, அதுலயும் ரெண்டு போல்ட்டு வெறும் கையாலயே சுத்தற அளவுக்கு தளர்ந்திருந்துச்சு. வீட்ல சின்னப் பையன் பின் சீட்ல உக்காந்து ஸ்கூல் போன வண்டி அது, அன்னிக்கு கை நடுங்கிருச்சு. கூம்பு போல்ட் தனியா வாங்குங்க, டார்க் ரெஞ்ச்ல 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கச் சொல்லுங்க, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு திரும்ப ஒரு தடவை செக் பண்ணுங்க. பழைய உருண்டை போல்ட்டையும் டிக்கில போட்டு வைங்க, ஏன்னா ஸ்டெப்னி கம்பெனி ரிம், அதுக்கு அதுதான் பொருந்தும்.

ஸ்டெப்னி பழைய உயரத்துலயே இருக்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க. முன் வீல் பஞ்சர் ஆனா பின் வீல் ஒண்ணை முன்னாடி மாத்திட்டு ஸ்டெப்னியை பின்னாடி போடுங்க, முன்னாடி ரெண்டும் வேற வேற உயரமா இருந்தா டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) ஓயாம சுத்திட்டே இருக்கும். காத்து எவ்வளவுன்னு பெட்ரோல் மூடிக்கு உள்ள ஸ்டிக்கர்ல இருக்கு, சைஸ் மாறுனாலும் அதுக்கு கீழ போகாதீங்க. கம்பெனி ஸ்பெக்கை மாத்தறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல கட்டுப்பாடு இருக்கு, அதனால ரிம் மாத்துன உடனே இன்சூரன்ஸ்காரங்களுக்கு மெயில் அனுப்பி பதிலை எடுத்து வெச்சுக்கோங்க, நான் அனுப்புனப்ப பதில் வர பத்து நாள் ஆச்சு.