ஃபிளைட்அவேர் ப்ரோ ஸ்டிக் பிளஸ்: கோவை மொட்டைமாடியில் ஏடிஎஸ்-பி ரிசீவர்

விமானங்கள் தாம் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டே பறக்கின்றன. ஏடிஎஸ்-பி எனப்படும் அந்தச் சிக்னலைப் பிடித்து, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில் ஓடும், சிக்னலை விமானத் தகவலாக மாற்றும் டம்ப்1090 மென்பொருளுக்குக் கொடுக்கிற சிறிய நீல நிற யுஎஸ்பி கருவிதான் இது. 19 டெசிபல் பெருக்கியும், மற்ற அலைவரிசைகளைத் தடுக்கும் 1090 மெகாஹெர்ட்ஸுக்கான ஃபில்டரும் உள்ளேயே இருப்பதால், செல்போன் கோபுரங்கள் மலிந்த நகரப் பகுதிக்கு, ஃபில்டர் இல்லாத ஆரஞ்சு நிற ப்ரோ ஸ்டிக்கைவிட இதையே பரிந்துரைப்பேன்.

இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தை, சமவெளியில் 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆண்டெனா சுமார் 435 கிலோமீட்டர் வரை பிடிக்கலாம் என்பது கணக்கு. கோவையிலோ மலைகள்தாம் எல்லையை வகுக்கின்றன. வடமேற்கில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா மறைப்பதால், அத்திசையில் அதே உயரத்து விமானம் 200 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் விடுபட்டுவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் மட்டும், சிக்னல் எட்டும் பரப்பைக் காட்டும் வரைபடம் அரபிக்கடலுக்குள் நாக்குப்போல் நீள்கிறது. கொச்சியில் இறங்கும் விமானங்களைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும்: அவை தாழ்ந்து நெல்லியாம்பதி மலைகளுக்குப் பின்னால் போனதும், திரையில் உயரத்தைக் காட்டும் எண் மாறாமல் நின்று, சற்று நேரத்தில் புள்ளியும் மறைந்துவிடும். எந்தப் பெருக்கியாலும் இதை மாற்ற முடியாது.

ஆகவே, வாங்குபவர்கள் ஆண்டெனாவின் உயரத்துக்கும் கேபிளுக்கும் முதலில் செலவிட வேண்டும். ஆர்ஜி-58 வகைக் கேபிள் 10 மீட்டர் ஓடினாலே இந்த அலைவரிசையில் 5 டெசிபலுக்கு மேல், அதாவது சிக்னலின் மூன்றில் இரண்டு பங்கு, வழியிலேயே போய்விடும். பெருக்கி கேபிளின் மறுமுனையில் இருப்பதால், இழந்ததை அது மீட்டுத் தராது. எஞ்சியதை இரைச்சலோடு சேர்த்துத்தான் பெருக்கும். ராஸ்பெர்ரி பையையே மழை படாத பெட்டியில் வைத்து ஆண்டெனாவின் அடியில் பொருத்தி, தரவை வைஃபை வழியாகக் கீழே இறக்கியது எனக்கு நன்றாகப் பயன்பட்டது.

விமானிக்கும் கட்டுப்பாட்டு கோபுரத்துக்கும் நடக்கும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பேச்சுக்கு இந்தக் கருவி ஏற்றதல்ல. உள்ளிருக்கும் ஃபில்டர் அந்த அலைவரிசைகளைத் தடுத்துவிடும். செல்போன் கோபுரம் வீட்டை ஒட்டியே நின்றால், ஆண்டெனாவுக்கும் இதற்கும் நடுவே இன்னொரு 1090 ஃபில்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.