கூரைக்காரரை ஏற்றுவதற்கு முன் யூஇஎன் எண்ணைக் கேளுங்கள்

சிங்கப்பூரின் சிராங்கூன் கார்டன்சில் இருக்கும் அப்பா வீட்டுக் கூரையை மாற்றுவதற்கு முன், காண்ட்ராக்டர்களின் பதிவையும் பாதுகாப்பு வரலாற்றையும் தேடிப் பார்க்க நான் பயன்படுத்திய அரசாங்கச் சேவைகளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். கூரை போட்ட கம்பெனியைப் பற்றி அல்ல, அதன் பெயரையும் சொல்லப் போவதில்லை. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, புளோக்கின் கூரை நகர மன்றத்தின் பொறுப்பு. தரைவீட்டில் இருப்பவர்கள்தான் ஓடு உடைந்தாலும் கூரையோர மழைநீர்க் கட்டர் அடைத்தாலும் தாங்களே ஆள் தேட வேண்டும், அதுவும் பெரும்பாலும் டிசம்பர் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, அவசர அவசரமாக.

நாங்களும் முதல் தடவை அப்படித்தான் தேடினோம். தபால்பெட்டியில் கிடந்த துண்டுத்தாளைப் பார்த்து அழைத்தோம். வந்தவர் ஓட்டு இடுக்குகளில் சீலண்ட் பூசிவிட்டு 3,800 வெள்ளி வாங்கிக்கொண்டு, 10 வருட உத்தரவாதம் என்று அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் அம்மா படுக்கும் அறையின் சீலிங் பலகை ஊறிப் பெயர்ந்து கட்டில்மேலேயே விழுந்தது, நல்லவேளை அம்மா அப்போது சமையலறையில் இருந்தார். உத்தரவாதத் தாளில் இருந்த எண்ணுக்கு அடித்தால் அந்த எண்ணே இல்லை. கம்பெனிப் பதிவுகளைக் காட்டும் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் கம்பெனியின் பெயருக்குப் பக்கத்தில் பதிவு நீக்கப்பட்டதாகப் போட்டிருந்தது. இல்லாத கம்பெனி தந்த 10 வருட உத்தரவாதத்தை வைத்து என்ன செய்வது?

பணம் போனதைவிட இன்னொன்றுதான் என் மனத்தில் நின்றுவிட்டது. அன்று கூரையில் ஏறியவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். காலையில் பெய்த மழையில் ஓடு நனைந்து கிடந்தது, இரண்டு மாடி உயரம், இடுப்பில் ஒன்றும் இல்லை. "பெல்ட் இல்லையா தம்பி?" என்று கீழிருந்து கேட்டேன். "லாரியில இருக்குக்கா, மேல மாட்ட இடமில்ல" என்றார். நான் தேநீர் போட்டுக் கொடுத்ததோடு சரி, வேலையை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதனால் இந்தத் தடவை மூன்று பேரிடம் விலை கேட்டபோதே யூஇஎன் எண்ணையும், அதாவது ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிய தனிப் பதிவு எண்ணையும், சேர்த்துக் கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கணினியைத் திறந்தேன்.

முதலில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான அக்ரா நடத்தும் பிஸ்ஃபைல். பெயரோ யூஇஎன்னோ போட்டுத் தேடுவதற்குக் காசு இல்லை, கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பதிவு முகவரி எது என்று உடனே காட்டிவிடும். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் யூஇஎன்னின் முதல் நான்கு இலக்கமே பதிவான ஆண்டு, அதைத் தெரிந்துகொண்டாலே பாதி விஷயம் விளங்கிவிடும். எங்களிடம் வந்த முதல் ஆள் 20 வருட அனுபவம் என்றார், அவருடைய எண் 2023 என்று தொடங்கியது. கேட்டால், முன்பு வேறு பெயரில் நடத்தினோம் என்றார். இருக்கலாம், தப்பில்லை, சரி, அந்தப் பழைய கம்பெனியின் எண்ணைக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு பதிலே வரவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் ஆளுக்கு 5 வெள்ளி 50 காசு கட்டி முழு விவரத்தையும் வாங்கினேன், அதில் இயக்குநர்கள் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, பதிவு செய்த தொழில் என்ன என்றெல்லாம் இருக்கிறது. பதினைந்தாயிரம் வெள்ளிக்கு மேல் செலவழிக்கப் போகிறவர்களுக்கு இது ஒரு செலவே இல்லை. ஆனால் ஒன்று, பிஸ்ஃபைல் கம்பெனி இருக்கிறதா என்றுதான் சொல்லும், நன்றாக ஓடு மாட்டுவார்களா என்று சொல்லாது.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். இரண்டாவது ஆளின் விலைப்பட்டியலில் 9 விழுக்காடு சேர்த்திருந்தது. உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் தளத்தில் அதே யூஇஎன்னைப் போட்டால் ஜிஎஸ்டி பதிவே இல்லை. பதிவு செய்யாதவர் வரி வாங்கக் கூடாது. ஃபோனில் சொன்னதும் தப்பாகச் சேர்ந்துவிட்டது என்று அன்றைக்கே எடுத்துவிட்டார். உண்மையிலேயே தப்பாக நடந்திருக்கலாம், இருந்தாலும் எனக்கு அவர் மேல் இருந்த நம்பிக்கை அங்கேயே பாதி குறைந்துவிட்டது.

அப்புறம் பிசிஏ, அதாவது கட்டட, கட்டுமான ஆணையம். இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், நானும் குழம்பினேன். சிங்கப்பூரில் கூரை வேலைக்கென்று தனி உரிமம் கிடையாது. பிசிஏவின் குத்தகையாளர் பதிவேட்டில் சிஆர்13 என்றால் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை, சிஆர்09 என்றால் பழுதுபார்ப்பு, மறுபூச்சு வேலை. இந்தப் பதிவு முக்கியமாக அரசாங்கக் குத்தகைகளுக்குப் போட்டியிடுகிறவர்களுக்கு, தனியார் வீட்டுக் கூரைக்கு இது கட்டாயமில்லை. அதனால் பட்டியலில் பெயர் இருந்தால் நல்லது, இல்லையென்றால் உடனே ஒதுக்க வேண்டாம், சின்னதாக நல்ல வேலை செய்கிறவர்கள் இதில் சேராமலே இருப்பார்கள். இன்னொருவர் தன் அட்டையில் வீவக பதிவு பெற்ற புதுப்பிப்புக் காண்ட்ராக்டர் என்று பெரிதாகப் போட்டிருந்தார். அது வீவக வீட்டுக்குள் சுவர் உடைக்க, டைல்ஸ் போட வேண்டிய பதிவு, தரைவீட்டுக் கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தளத்தில் தேடுவது எளிதுதான், கிடைத்த பதிவு எதற்குப் பயன்படும் என்று சாதாரண வீட்டுக்காரருக்குப் புரியும்படி இன்னும் தெளிவாகச் சொல்லலாம்.

இப்போது முக்கியமானது, மனிதவள அமைச்சின் செக்சேஃப். தேடிப் பார்த்தவற்றில் இதற்குத்தான் நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். கம்பெனி பெயரைப் போட்டால் வேலையிடத்தில் எத்தனை பேர் காயப்பட்டார்கள், எத்தனை குற்றப்புள்ளி விழுந்திருக்கிறது, வேலை நிறுத்த உத்தரவு வாங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். கட்டுமானத் துறையில் 18 மாதத்துக்குள் 25 புள்ளி சேர்ந்துவிட்டால் வெளிநாட்டு ஊழியரை எடுக்கத் தடை வந்துவிடும், அந்தப் புள்ளிகளைத்தான் நாம் வீட்டிலிருந்தே பார்க்கிறோம். 2013இல் வந்த விதிமுறைகளின்படி 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு பெர்மிட்-டு-வொர்க் என்ற எழுத்துமூல அனுமதி வேண்டும், யாராவது பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். எந்த இரண்டு மாடி வீட்டுக் கூரையும் இதில் வந்துவிடும். லாரியில் பெல்ட்டை வைத்துவிட்டு ஆளை மேலே அனுப்பியது சின்ன அலட்சியம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஜிஎஸ்டி சேர்த்தவருடைய பக்கத்தில் காயம் இல்லை, புள்ளி இல்லை, எதுவுமே இல்லை. மூன்றாவது கம்பெனிக்கு ஒரு காயம் பதிவாகியிருந்தது. அப்பா உடனே, "காயமே இல்லாதவனுக்குக் கொடும்மா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெற்றுப் பக்கம் என்றால் பாதுகாப்பாக வேலை செய்தார்கள் என்றும் இருக்கலாம், இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள் என்றும் இருக்கலாம். அதனால் மூன்றாவது கம்பெனிக்கு அடித்து அந்தக் காயத்தைப் பற்றியே நேராகக் கேட்டேன். எடுத்த பெண்மணி தயங்காமல், தகடு வெட்டும்போது ஒருவருக்குக் கையில் ஆழமாக வெட்டுப்பட்டது, மருத்துவ விடுப்பும் செலவும் கொடுத்தோம், அதற்கப்புறம் கையுறையையே மாற்றிவிட்டோம் என்று சொன்னார். வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதியின் நகலையும், வேலையிடப் பாதுகாப்புக்கான பிஸ்சேஃப் மூன்றாம் நிலைச் சான்றிதழையும் நான் கேட்காமலே அனுப்பினார். சான்றிதழ் வந்ததும் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள், மூன்றாம் நிலை மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். உடலுழைப்பு வேலை செய்கிறவர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் முதலாளி காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும், இதைக் கேட்டால் யாரும் கோபப்படக் கூடாது, கோபப்பட்டால் அதுவே பதில்.

பின்பக்கச் சமையலறைக்கு மேல் பழைய நெளிவுத் தகடு இருந்தது. கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்த 1989இல் தடை வந்தது, எங்கள் வீடு அதற்கு முந்தையது. ஜிஎஸ்டி சேர்த்தவர் அதைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் உடைத்து லாரியில் ஏற்றிவிடுவோம் என்றார். மூன்றாவது கம்பெனி தொடவே மாட்டோம் என்றது. முதலில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், ஆஸ்பெஸ்டாஸ் என்று தெரிந்தால் அமைச்சு அங்கீகரித்த அகற்றும் நிறுவனம்தான் எடுக்க முடியும், அந்தப் பட்டியல் அமைச்சின் தளத்திலேயே இருக்கிறது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சோதனையில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வந்தது. அது உடைந்து தூசி பறந்திருந்தால் அதைச் சுவாசிப்பது ஏறிய பையன்களும், பக்கத்து வீட்டுக் குழந்தைகளும், எங்கள் அம்மாவும்தான்.

பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் பட்டியலையும் பார்த்தேன். புதுப்பிப்புக் கம்பெனிகளுக்கு அது நல்ல முத்திரை, பாதியில் கடை மூடினாலும் முன்பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் நான் விலை கேட்ட மூன்று பேருமே அதில் இல்லை, அதனால் முன்பணத்தை 20 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன் என்று நின்றேன். மூன்றாவது கம்பெனியின் விலை மொத்தம் 17,800 வெள்ளி, ஜிஎஸ்டியோடு 19,402. சிறு உரிமைக் கோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, அந்தக் கம்பெனி முடித்த வேலை ஒன்றை ஓபரா எஸ்டேட்டில் போய்ப் பார்த்தேன், மழை விட்ட அரை மணி நேரத்தில், வேண்டுமென்றே. அந்த வீட்டு அங்கிள் மாடிக்கே கூட்டிப் போய் சீலிங்கைக் காட்டினார்.

குறை என்று சொன்னால், இவ்வளவையும் பார்க்க ஐந்து தளத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே யூஇஎன்தான், ஒரே இடத்தில் காட்டினால் என் அப்பா போன்றவர்கள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். எனக்கு மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது, செலவு 11 வெள்ளி.

வேலையை மூன்றாவது கம்பெனிக்கே கொடுத்தோம், ஒன்பது நாள் நடந்தது. முதல் நாள் முழுக்க ஓட்டைத் தொடவே இல்லை, சாரம் கட்டி, முகட்டில் கயிறு இழுத்து, கொக்கி மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மறுநாள் ஏறினார்கள். ரீப்பர் கட்டைகளில் பாதி உளுத்திருந்தது, அதற்குத் தனியாகப் பேசினோம். இந்த டிசம்பரில் சமையலறை மூலையில் ஒரு இடத்தில் சொட்டியது, அழைத்த இரண்டாம் நாள் வந்து சரிசெய்தார்கள், காசு வாங்கவில்லை.

வேலை முடிந்த அன்று அறந்தாங்கிக்காரத் தம்பி ஒருவர் போர்ட்டிகோவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் நான் இப்படியெல்லாம் தேடிப் பார்த்த கதையைச் சொல்லியிருக்கிறார். கை கழுவிவிட்டு வந்து, "அக்கா, என் தம்பி இங்க வரப் போறான், ஏஜெண்டு ஒரு கம்பெனி சொல்லியிருக்காரு, அதையும் அதுல பாக்க முடியுமா?" என்று கேட்டார். ஃபோனில் செக்சேஃபைத் திறந்து அவர் சொன்ன பெயரைத் தட்டினேன். வேலை நிறுத்த உத்தரவு இரண்டு, புள்ளிகளும் இருந்தன. என்ன அர்த்தம் என்று கேட்டார், ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். திரையைப் படம் எடுத்து, அங்கேயே நின்று, ஊருக்கு அனுப்பினார்.