புதுமைப் பெண் திட்டம்: வகுப்பறையிலிருந்து ஒரு மதிப்பீடு

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியருக்குத் தமிழ்நாடு அரசு மாதந்தோறும் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்தைப் பாராட்டுகிறவர்களும் குறைசொல்கிறவர்களும் பயனாளிகளின் எண்ணிக்கையை வைத்தே பேசுகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தும் எனக்கு அந்த எண்ணிக்கை பாதிக் கதையாகத்தான் படுகிறது. கல்லூரியில் சேர்வது ஒரு நாள் வேலை. மூன்று ஆண்டுகள் நிலைத்திருந்து, அரியர் ஏதும் மீதமில்லாமல் பட்டத்தோடு வெளியேறுவதற்குள் ஒரு மாணவி தாண்ட வேண்டியவை பல. மாதந்தோறும் வங்கிக் கணக்கில் விழும் 1,000 ரூபாய் அவற்றில் எவற்றைத் தாண்ட உதவுகிறது, எங்கே அவளைத் தனியாக விட்டுவிடுகிறது என்பதை, பணம் பெறுகிறவர்களை அருகிலிருந்து பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

திட்டத்தின் முழுப்பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 1989 முதல் அதே அம்மையாரின் பெயரில் திருமண நிதியுதவி வழங்கப்பட்டு வந்தது. பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்த நிதியைக் கல்யாணத்திலிருந்து படிப்புக்குத் திருப்பி, 2022 செப்டம்பர் 5 அன்று இந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பட்டம் பெற்ற மணமகளுக்கு 50,000 ரூபாய் கொடுத்த பழைய திட்டமும் பெண்களைப் படிக்கவைக்கத்தான் வந்தது என்றாலும், பணம் படிப்பெல்லாம் முடிந்து பந்தக்கால் நட்ட பிறகு வந்ததால், இரண்டாம் ஆண்டில் தேர்வுக் கட்டணத்துக்குத் தவித்த பெண்ணுக்கு அதனால் எந்தப் பயனும் இருந்ததில்லை. புதிய ஏற்பாட்டில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, பட்டப்படிப்பிலோ பட்டயப்படிப்பிலோ ஐடிஐயிலோ சேர்ந்த மாணவிக்குப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. வேறு உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் நீட்டித்தார்கள். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கியது.

ஆயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்டால், நகரத்தில் இருப்பவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். கைப்பேசி ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, மதியத்துக்கு ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் என்று எழுதிப் பார்த்தால் தொகை கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் ஜவுளிக்கடையில் மாலை நேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண் அந்த வேலையை விட்டுவிட்டு மாதிரித் தேர்வுக்கு உட்கார்ந்து படிப்பதற்கும், பருவத் தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாளில் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிற்காமல் இருப்பதற்கும் அதே தொகை போதுமானதாக இருந்துவிடுகிறது. இதில் நான் முதலாவதாகப் பாராட்டுவது பணம் வரும் விதத்தை. ஆண்டுக்கொரு முறை மொத்தமாக வரும் உதவித்தொகை பெரும்பாலும் வீட்டுக் கடனை அடைத்துவிட்டுப் போய்விடும். மாதாமாதம் மாணவியின் சொந்தக் கணக்குக்கு நேராக வரும் சிறு தொகை அவள் கையில் தங்குகிறது. தங்கிய பணம் நேரமாக மாறுகிறது. அந்த நேரம் கல்லூரிக்குள் செலவாகிறதா என்பதுதான் இத்திட்டத்தின் பலனை அளக்கும் சரியான கோல் என்பது என் துணிபு.

இதை நானாகச் சொல்லவில்லை. ஒரு மாணவர் தன் படிப்பிலும் கல்லூரி வாழ்விலும் எவ்வளவு உழைப்பையும் மனத்தையும் செலுத்துகிறாரோ அந்த அளவுக்கே கற்றலும் அமையும் என்று அமெரிக்கக் கல்வியாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் 1984இல் எழுதினார். ஜார்ஜ் கூவும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வு ஒரு படி மேலே போனது: முதலாண்டில் கற்றல் நடவடிக்கைகளில் ஈடுபடுவதால் எல்லா மாணவர்களுக்கும் நன்மை உண்டு, பள்ளியிலிருந்து குறைந்த ஆயத்தத்தோடு வந்தவர்களுக்கு அந்த நன்மை சற்றுக் கூடுதலாகவே கிடைக்கிறது. அங்குள்ள கல்லூரி வேறு, நம் கல்லூரி வேறு என்றாலும், இந்த முடிவை நான் எங்கள் வகுப்புகளில் கண்கூடாகப் பார்க்கிறேன். ஆங்கில வழியில் படித்து, வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டதாரியாக இருக்கும் மாணவி வகுப்பில் வாயே திறக்காமல் இருந்தாலும் எப்படியோ கரையேறிவிடுகிறாள். ஏதாவது புரியாவிட்டால் கேட்க வீட்டில் ஆள் இருக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பெண்ணுக்கோ, கேட்பதற்கு எங்கள் துறை அறையைத் தவிர வேறு இடமில்லை.

அந்த அறைக்கு அவள் வருகிறாளா? அரசுக் கல்லூரிகளில் முதல் சுழற்சி (ஷிப்ட்) வகுப்புகள் மதியத்தோடு முடிந்துவிடுகின்றன. நூலகம், நாட்டு நலப்பணித் திட்டம், வினாடி வினா, ஆசிரியரிடம் சந்தேகம் கேட்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். கடைசி மணி அடிப்பதற்கு முன்பே பை மூடப்படும் சத்தம் பின்வரிசையிலிருந்து கேட்கும். கொஞ்ச நேரம் இருந்து கருத்தரங்கக் கட்டுரையைத் திருத்திக்கொண்டு போகச் சொன்னால், "ஒன்னே முக்கால் பஸ்ஸ விட்டா அடுத்தது நாலரைக்குத்தான் மேம், வீட்ல திட்டுவாங்க" என்று பதில் வரும். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, மாதம் ஆயிரமும் வருகிறது, ஆனாலும் அந்தப் பேருந்து நேரம் ஒன்றே அவளுடைய கல்லூரி வாழ்க்கையை வகுப்பறைக்குள் அடைத்துவிடுகிறது. 75 சதவீத வருகையை அவள் எளிதாக எட்டிவிடுவாள். வருகைப் பதிவேட்டில் அவளைப்பற்றிக் குறைசொல்ல ஒன்றும் இருக்காது. கருத்தரங்கிலும் ஒப்படைப்பிலும் எடுத்தாக வேண்டிய இன்டர்னல் மதிப்பெண்ணில்தான் இடைவெளி தெரியத் தொடங்கும்.

தகுதி விதிகளில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. எட்டாம் வகுப்பு வரை சிறிய தனியார் பள்ளியில் படித்து, அப்பாவின் தொழில் நொடித்ததால் ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாறிய பெண்ணுக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தத் தனியார் பள்ளி இடத்தைப் பெற்றிருந்தால் தவிர, இத்திட்டத்தில் இடமில்லை. ஏழ்மை பிறவியிலிருந்தே இருந்தால்தான் செல்லும் என்பதுபோல் இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிப்பவர்களையும், முதுகலைக்குப் போகிறவர்களையும் விதி வெளியே நிறுத்துகிறது. விலைவாசி ஏறும்போது தொகையும் உயர வழியில்லை. விண்ணப்ப நடைமுறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் அடையாள எண்ணான எமிஸ் எண்ணைக் கொண்டே சரிபார்த்துவிடுவதால் முன்பு உதவித்தொகைகளுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடந்த நடை இதில் பெருமளவு குறைந்திருக்கிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, திட்டத்துக்கு இரண்டாம் பாதி இல்லை என்பது. பணம் மாணவியைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது; வாசலுக்கு உள்ளே அவளைப் பேசவைக்க, எழுதவைக்க, குழுவில் சேர்க்க எவருக்கும் பொறுப்பில்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய, மாணவர்களுக்கான அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் அந்த இடத்தை நிரப்பும் என்று எதிர்பார்த்தேன். ஆங்கிலத் தொடர்புத்திறன், கணினிப் பயன்பாடு என அதில் வரும் பாடங்கள் தேவையானவைதான். ஆனால் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கால அட்டவணையில் அதுவும் இன்னொரு தாளாக வந்து உட்காரும்போது, மாணவி அதையும் மற்றத் தாள்களைப் போலவே நோட்ஸ் வாங்கி மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறாள். பேசப் பழகுவதற்கான வகுப்பிலும் ஆசிரியர் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், பின்புலம் தந்த தயக்கம் அப்படியே பட்டமளிப்பு விழாவரை கூட வரும். 2010-11 முதல் நடைமுறையில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி கல்விக் கட்டணச் சலுகைக்கும் இதே குறை பொருந்தும்; அது ஒற்றைச்சாளர முறையில் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களின் கட்டணச் சுமையை நன்றாகவே குறைக்கிறது, சேர்ந்த முதலாண்டில் கணிதத்தில் தடுமாறுகிறவருக்குக் கைகொடுக்க அதில் எதுவும் இல்லை.

அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (18 முதல் 23 வயதுவரை உள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை, சதவீதத்தில்) 28.4 ஆக இருந்தபோது தமிழ்நாட்டின் விகிதம் 47. சேர்க்கையில் இவ்வளவு முன்னே வந்துவிட்ட மாநிலம், உள்ளே வந்தவர்கள் என்ன ஆகிறார்கள் என்று கேட்கத் தயங்கக் கூடாது. ஒவ்வொரு பருவ முடிவிலும் இத்திட்ட மாணவியரில் எத்தனைபேர் அரியர் இல்லாமல் தேறினார்கள், எத்தனைபேர் ஒரு மன்றத்திலாவது பங்கேற்றார்கள் என்று கல்லூரிவாரியாக வெளியிடுவது கடினமான வேலையும் அல்ல. பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. நூலக நேரம் ஒன்றை அட்டவணைக்குள்ளேயே வைத்துவிட்டாலும் மதியப் பேருந்தைப் பிடிப்பவர்களில் பலர் அங்கே உட்காரத் தொடங்குவார்கள்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை போடுவேன். பணம் போய்ச்சேரும் விதத்துக்கு முழு மதிப்பெண். குறைத்தது, பெண்ணை வகுப்பறையில் உட்காரவைத்ததோடு வேலை முடிந்ததாக எண்ணுவதற்கு. தகுதியுள்ளவர்கள் தயங்காமல் விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை முடிந்ததும் கல்லூரியில் இத்திட்டத்துக்கென உள்ள பொறுப்பு அலுவலரைக் கேட்டறிந்து, எமிஸ் எண்ணும் பள்ளிச் சான்றுகளும் கொண்டு பதிவு செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு மாணவியின் பெயரிலேயே, ஆதாரோடு இணைக்கப்பட்டதாக இருக்கட்டும். ஏடிஎம் அட்டையும் அவளிடமே இருக்கட்டும்.