நுரையீரல் உறையில் ஒற்றைக் கட்டி என்றால், பயாப்சி முடிவைப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்

டர்பனில் இருக்கும் நம் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் அப்பா ஐந்து மாதத்தைத் தொலைத்தது போல இன்னொருவர் தொலைக்கக் கூடாது.

போன புரட்டாசியில் ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து உளறினார். பனியனைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. அம்மா சர்க்கரை தூக்கலாகப் போட்டு டீ கொடுத்ததும் தெளிந்துவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே. பக்கத்து வீட்டு மெஷினில் பார்த்தால் ரத்தச் சர்க்கரை 2.4 (இங்கே மில்லிமோல் கணக்கு). நாலுக்குக் கீழே போனாலே குறைவுதான். அவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, அதற்கான மாத்திரையும் எடுத்ததில்லை.

எக்ஸ்ரேயில் வலது பக்கம் பெரிய நிழல் தெரிந்தது. ஒரு தனியார் நிபுணரின் ரூம்ஸுக்குப் போனோம். சி.டி. ஸ்கேன் எடுத்தார், மெல்லிய ஊசி போட்டுக் கொஞ்சம் செல் எடுத்தார். என்ன வேலை பார்த்தவர் என்று கேட்டார். அப்பா இளவயதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுத்துக் கூரை போட்டவர். அவ்வளவுதான், "மீசோதீலியோமா, ஆபரேஷனுக்கு வழியில்லை" என்று சொல்லிவிட்டார். மீசோதீலியோமா என்றால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய். சர்க்கரை குறைவதைச் சொன்னேன். "விரதம் இருக்கிறார் இல்லையா, அதனால்தான்" என்றார். அப்பாவின் விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கிளி மூக்கு மாதிரி வளைந்திருந்தன. கல்யாண மோதிரம்கூடக் கழலவில்லை. அந்தக் கையை அவர் ஒரு தடவையும் பிடித்துப் பார்க்கவில்லை.

சந்தேகப்பட்டதில் தப்பில்லை. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கும் மீசோதீலியோமாவுக்கும் உள்ள தொடர்பை 1960-இல் உலகத்துக்குக் காட்டியதே நம் தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதி நோயாளிகள் 33 பேரைப் பற்றிய ஆய்வுதான். 2008-இல்தான் இங்கே ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்தார்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தையே முடிவாக எழுதித் தந்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்புறம் 'எதிர்ப்புச் சக்தி டிரிப்' என்று ஒன்று ஏற்றினார்கள். ஒன்று 4,800 ரேண்ட், மொத்தம் ஆறு. மெடிக்கல் எய்ட் ஒரு காசு தரவில்லை. அக்கா தன் வளையலை அடகு வைத்தாள்.

தை மாதம் அப்பா மயங்கி விழுந்து அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு இளம் டாக்டர் முதலில் கையைத்தான் பார்த்தார். ஸ்கேனைத் திரையில் போட்டு, "மீசோதீலியோமா பெரும்பாலும் உறை முழுக்கப் படரும். இது ஒரே இடத்தில் உருண்டையாக நிற்கிறதே" என்றார். தடித்த ஊசியால் சதைத் துண்டு (பயாப்சி) எடுத்து பேத்தாலஜிக்கு அனுப்பினார்கள். ஸ்டாட்6 என்ற சாயப் பரிசோதனையில் செல்லின் உட்கரு பளிச்சென்று நிறம் பிடித்தது. சாலிட்டரி ஃபைப்ரஸ் டியூமர். இதற்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலும் இது சாதுவான கட்டி. சில கட்டிகள் இன்சுலின் மாதிரி வேலை செய்யும் ஐ.ஜி.எஃப்.2 என்ற பொருளைச் சுரந்து ரத்தச் சர்க்கரையை இறக்கிவிடும். இப்படிக் கட்டியால் சர்க்கரை இறங்குவது 1930-லேயே மருத்துவர்கள் எழுதி வைத்த விஷயம். விரல் உருண்டதும் அதே கட்டியால்தான்.

பதினான்கு சென்டிமீட்டர் கட்டி, மாங்காய்க் காம்பு மாதிரி ஒரு காம்பில் நுரையீரல் உறையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். முழுசாக எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை சர்க்கரை 5.6.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஒற்றைக் கட்டி என்றால், மெல்லிய ஊசி முடிவோடு நிற்காதீர்கள். சதைத் துண்டு எடுத்தார்களா, ஸ்டாட்6 பார்த்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பேத்தாலஜி பிளாக்கையும் (சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) ஸ்லைடையும் இன்னொரு இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டில் 'லோக்கலைஸ்டு மீசோதீலியோமா' என்று இருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும், முன்பு இந்தச் சாதுவான கட்டியையும் அப்படித்தான் எழுதினார்கள். நிஜமாகவே ஒரே இடத்தில் நிற்கும் மீசோதீலியோமாவும் அபூர்வமாக உண்டு. அதையும் முழுசாக வெட்டி எடுக்க முடிந்தால், படர்ந்த வகையைவிட நாள் கூடக் கிடைக்கும். ஆபரேஷனே கிடையாது என்று யாராவது சொன்னால், நெஞ்சு அறுவை நிபுணர் ஸ்கேனைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பல வருஷம் கழித்தும் திரும்பி வரலாம் என்பதால் அப்பாவுக்கு ஸ்கேன் தொடர்கிறது. டிரிப் ரசீதுகள் ஆறையும் சேர்த்து மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.