குரங்கு விரட்ட எயார் ரைபிள் வாங்கி 86,500 ரூபாயைத் தொலைத்தேன் – வாங்கப் போகிறவர்கள் வாசித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுமுன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறினால் வெட்கம் வந்துவிடும், பிறகு எழுத மாட்டேன். போனது 86,500 ரூபாய். துவக்கு 72,000, அதன்மேல் பூட்டிக் குறிபார்க்கிற ஸ்கோப் 9,500, ஈயக்குண்டு இரண்டு பேணி 5,000. கூட்டிப் பாருங்கள். நான் தினமும் கூட்டிப் பார்க்கிறேன், குறைய மாட்டேன் என்கிறது.

கடையின் பெயரைப் போட மாட்டேன். போட்டால் வழக்கு என்று ஏற்கெனவே வெருட்டியிருக்கிறார்கள், என் கையில் உருப்படியான பில்கூட இல்லை. தூண்டில், கூடாரம், நெற்றி டோர்ச், கத்தி எல்லாம் முன்னுக்கு அடுக்கி, உள்ளறையில் எயார் ரைபிள் வைத்திருக்கிற கடை. முகநூலில் வீடியோ போட்டு ஆள் பிடிக்கிற வகை. ஓமந்தைக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்களுக்கு ஒட்டுசுட்டான் பக்கம் காட்டோரமாக இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. 120 பப்பாசி, கொஞ்சம் தென்னை, மாரி தொடங்கியதும் கச்சான். குரங்கு என்றால் என்ன என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பப்பாசியில் ஒரு கடி கடித்து எறிந்துவிட்டு அடுத்த காய்க்குப் போகும். குரும்பையைப் பிடுங்கித் தண்ணீரைக் குடித்துவிட்டு நம் தலையிலேயே போடும். 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, முசு, மயில், மரஅணில் எண்ணச் சொன்னார்களே, அன்று அந்த ஐந்து நிமிடத்தில் என் காணியில் மட்டும் 23 குரங்கு எழுதிக் கொடுத்தேன். 23 என்பது ஓடாமல் நின்றவை.

தகரம் அடித்தோம், சீனவெடி கொளுத்தினோம், வெருளி கட்டினோம். வெருளியின் தொப்பியை ஒரு குட்டி கழற்றிப் போட்டுக்கொண்டு போனது. சிரிக்காதீர்கள், அது என் தொப்பி.

அப்போதுதான் அந்த வீடியோ. ஒருவர் 80 மீட்டர் தூரத்தில் பால்பேணியை வைத்துச் சுடுகிறார், பேணி பறக்கிறது, கிட்டக் காட்டினால் இருபக்கமும் ஓட்டை. '1200 எஃப்.பி.எஸ், ஜெர்மன் தொழில்நுட்பம், விவசாயிகளின் நண்பன்' என்று கீழே எழுத்து ஓடுகிறது. எஃப்.பி.எஸ் என்றால் குண்டு ஒரு செக்கனுக்கு எத்தனை அடி போகும் என்ற கணக்கு. எனக்கு அன்று அதுவும் தெரியாது. 1200 பெரிய எண், அவ்வளவுதான் தெரிந்தது.

சிறுபோக நெல் விற்றுக் கடனை அடைத்தது போக ஒரு லட்சத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது. கண்ணால் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று புத்திசாலித்தனமாக நினைத்து நேரேயே போனேன். பார்சலில் எடுத்திருந்தால்கூட இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

கடைப்பையனுக்கு முப்பது வயதிருக்கும். 'வாங்கோ அண்ணை' என்று கதிரை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ எடுப்பித்துக் கொடுத்தான். 'எங்கட மாமாவும் கமம்தான் அண்ணை, பூசணிக்காய் ஒன்று மிஞ்சாது' என்றான். குரங்கால் பட்ட கஷ்டத்தை அரை மணி நேரம் என்னிடமிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில்கூட அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. அங்கேயே பாதி விழுந்துவிட்டேன்.

மீதிப் பாதி கடையின் பின்பக்கத்தில் விழுந்தது. குழலை நடுவால் மடக்கி, 'புதுசுக்கு ஒரு சொட்டு விட வேணும் அண்ணை' என்று சின்னப் போத்தலிலிருந்து எண்ணெய் விட்டு, குண்டை வைத்து நிமிர்த்தி என் கையில் தந்தான். எட்டுப் பத்தடி தூரத்தில் பலகை. அழுத்தினேன். படார் என்று ஒரு வெடி, குழல்வாயில் மெல்லிய புகை, குண்டு பலகைக்குள் போய் மறைந்துவிட்டது. உடம்பு சிலிர்த்தது. இதைக் கேட்டால் 23 என்ன, காட்டில் இருக்கிற அத்தனையும் ஓடும் என்று நினைத்தேன். துவக்கின் பின்பக்கத்தில் ஐந்து மூலைக் கட்டம் ஒன்றும் அதற்குள் 'எஃப்' என்ற எழுத்தும் பொறித்திருந்ததைத் தடவிக் காட்டி, 'ஜெர்மன் முத்திரை அண்ணை, தரம் பார்த்துக் குத்துறது' என்றான்.

கடதாசி ஏதும் வேண்டுமா, பொலிஸ், ஜீ.எஸ் (கிராம சேவகர்) என்று கேட்டேன். 'காத்துத் துவக்குக்கு என்ன கடதாசி, விளையாட்டுச் சாமான்தானே' என்றான். பில்லிலும் அப்படியே எழுதினான்: 'விளையாட்டுச் சாமான் 1.' தொகை எழுதவில்லை. கேட்டதற்கு வரிப் பிரச்சினை என்றான். 86,500 ரூபாயை எண்ணி வைக்கிறவனுக்கு அந்த இடத்தில் மூளை எங்கே போனதோ.

பெட்டியை யூரியாப் பைக்குள் போட்டுக் கட்டி பஸ்ஸில் ஏறினேன். ஒரு காலத்தில் சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைத் தாண்டும்போது பையைக் காலுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சும்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இப்போது யாரும் மறிப்பதில்லை. இருந்தும் உள்ளங்கை வியர்த்தது. மாங்குளத்தில் இறங்கித்தான் மூச்சு வந்தது.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா எட்டிப் பார்த்தா. 2009க்குப் பிறகு துவக்கு என்ற சொல்லையே சத்தமாகச் சொல்லாத வீடு எங்களுடையது. 'இது காற்றில் வேலை செய்கிறது அம்மா, குரங்குக்கு' என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. கடைக்காரனிடம் பெற்ற எல்லாப் பதிலையும்விட அந்தப் பேசாத இரவுதான் இன்னும் உறுத்துகிறது. அதற்கு விலை போட முடியாது, ஆகையால் 86,500 என்றே எழுதுகிறேன்.

அடுத்த நாள் காலை பால்பேணியை முப்பது மீட்டரில் வைத்துச் சுட்டேன். படார் இல்லை. சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிறது போல ஒரு சத்தம். மூன்றாவது குண்டு பட்டது. போய்ப் பார்த்தால் பேணியில் சின்ன நெளிவு, ஓட்டை இல்லை. தென்னையில் இருந்த தாட்டான் குரங்கு சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தது, பிறகு குரும்பையைத் தொடர்ந்து தின்றது. பக்கத்து வளவுப் பொடியன் கெற்றப்போலை எடுத்து ஒரு கல் விட்டான். கூட்டமே எழும்பி ஓடியது. அந்தக் கெற்றப்போலுக்கு அவன் செலவழித்தது பழைய ரியூப் துண்டு ஒன்று.

நாலாம் நாள் ஸ்கோப்பும் போனது. உள்ளே இருக்கிற குறுக்குக் கோடு சரிந்து பெருக்கல் குறி மாதிரி நின்றது. சுட்ட குண்டு நாற்பதுகூட இல்லை.

போன் எடுத்தேன். முதல் நாள்: 'புதுசு இறுக்கமாத்தான் இருக்கும் அண்ணை, ஒரு 200 குண்டு அடிச்சால் இளகும்.' அடித்தேன். இளகியது என் தோள்மூட்டு. பிறகு: 'குண்டு பிழை அண்ணை, எங்களிட்ட நல்லது வந்திருக்கு, பேணி 4,500.' அந்தப் பிழைக் குண்டையும் நீதானே தம்பி விற்றாய் என்றேன். லைன் கட். அடுத்த கிழமை: 'நீங்கள் பிடிக்கிற பிடி பிழை.' அதற்கடுத்தது: 'முதலாளி இந்தியா போயிட்டார், வந்ததும் கதைக்கிறம்.' முதலாளி இந்தியாவில் நின்ற அன்று மாலையே அதே முதலாளி கடைக்குள் நின்று புது வீடியோ போட்டிருந்தார். ஒன்றைக் கவனித்தேன்: வாங்கும்போது நான் 'அண்ணை', இரண்டாம் கிழமை 'ஐயா', கடைசியில் 'மிஸ்டர்'. மிஸ்டர் என்று கூப்பிடத் தொடங்கினால் காசு திரும்பாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியில் இருக்கிற சித்தப்பாவின் மகன் அங்கே ஒரு சுடுகழகத்துக்குப் போய் வருகிறவன். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். பார்த்த உடனே எடுத்தான். 'ஐயோ அண்ணா, அந்த எஃப் தர முத்திரை இல்லை. குழல்வாயில் 7.5 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாதது என்று காட்டுகிற அடையாளம். ஜூல் என்றால் குண்டின் சக்தியை அளக்கிற கணக்கு. அந்த அளவுக்குக் கீழ் என்பதால்தான் இங்கே 18 வயது வந்தவருக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமலே கொடுக்கிறார்கள்.'

அவனே கணக்கும் போட்டுக் காட்டினான். என்னுடைய 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு அரைக் கிராமுக்குச் சற்றுக் கூட. 7.5 ஜூலில் அது செக்கனுக்கு 550 அடி போனால் அதிகம். அதே குண்டு 1200 அடி போக வேண்டுமென்றால் 35 ஜூல் வேண்டும். 1200 என்பது ஒலியின் வேகத்தையே தாண்டுகிற எண். சக்தி கூடிய துவக்குகளின் பெட்டியில் இப்படிப் போட்டிருந்தாலும், இறகு மாதிரி இலேசான உலோகக் குண்டை வைத்துச் சுட்டு எடுத்த வேகமாகத்தான் பெரும்பாலும் இருக்குமாம். ஈயக்குண்டு வைத்தால் எண் இறங்கிவிடும்.

'பிறகு எப்படியடா கடையில் படார் என்றது?' என்றேன். எண்ணெய் விட்டானா என்று கேட்டான். அடி வயிற்றில் ஏதோ இறங்கியது. இந்த வகைத் துவக்கில் சுருள் கம்பி பிஸ்டனைத் தள்ளி, காற்றை ஒரே அடியில் நெருக்கும். நெருங்கின காற்று கொதிக்கும். அதில் எண்ணெய் பட்டால் டீசல் எஞ்சினுக்குள் நடப்பது மாதிரிப் பற்றி வெடிக்கும். சத்தமும் வேகமும் புகையும் அதனால்தான். ஒன்றிரண்டு முறைதான் அப்படி, அதோடு உள்ளே இருக்கிற ரப்பரும் கருகத் தொடங்கிவிடும். ஆக நான் 86,500 கொடுத்தது துவக்குக்கு இல்லை, ஒரு சொட்டு எண்ணெய்க்கு. எட்டடியில் பலகையைத் துளைக்க 7.5 ஜூலும் போதுமாம், அது வேறு. ஸ்கோப் கதையும் அப்படித்தான்: கம்பித் துவக்கு முதலில் பின்னுக்கும் உடனே முன்னுக்கும் உதைக்கும். அதைத் தாங்கவென்று செய்த ஸ்கோப் வேறு, எனக்கு விற்றது வேறு.

போன வெள்ளிக்கிழமை துவக்கையும் தூக்கிக்கொண்டு நேரே போனேன். எஃப் கதையைச் சொன்னதும் பையனின் முகம் மாறியது. 'ரப்பருக்கும் ஸ்கோப்புக்கும் வாரண்டி இல்லை மிஸ்டர்' என்றான். வேறு எதற்கடா வாரண்டி, மரக்கட்டைக்கா? காசைத் தராவிட்டால் பொலிஸுக்குப் போவேன் என்றேன். கதிரையில் சாய்ந்து, 'போங்கோ. துவக்கு யாரிட்ட இருக்கு, கடதாசி யாரிட்ட இல்லை என்று அவையள் கேக்கட்டும்' என்றான். பிளேன்ரீ தந்த அதே வாய். திரும்பி வரும்போது ஓமந்தையில் மறுபடியும் கை வியர்த்தது, இந்த முறை வேறு காரணத்துக்கு.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் அடித்தேன். மரியாதையாகக் கேட்டார்கள், பில் இருக்கிறதா என்றார்கள். 'விளையாட்டுச் சாமான் 1' என்று வாசித்துக் காட்டவேண்டியிருந்தது. தொகை என்ன போட்டிருக்கிறது என்று அடுத்த கேள்வி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி வாங்குகிறவர்களுக்குப் பத்து விஷயம் விளக்கமாகச் சொல்லலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். அம்மா பின்வளவில் தகரம் அடிக்கிறா, கூட்டம் இறங்கிவிட்டது, அவவால் தனியே ஏலாது. வேகமாகச் சொல்கிறேன்.

பொலிஸிலும் ஜீ.எஸ்ஸிடமும் என்னென்ன கடதாசி வேண்டும் என்று முதலில் கேளுங்கள், கடைக்காரனிடம் கேட்காதீர்கள். பில்லில் சாமானின் பெயர், இலக்கம், முழுத்தொகை இல்லாமல் ஒரு சதம் கொடுக்காதீர்கள். எஃப்.பி.எஸ்ஸை விட்டுவிட்டு எத்தனை ஜூல், எந்தக் குண்டு வைத்து என்று கேளுங்கள், முழித்தால் எழும்பி வந்துவிடுங்கள். எண்ணெய்ப் போத்தல் வெளியே வந்தாலும் எழும்பி வந்துவிடுங்கள். எட்டடியில் சுட்டுப் பார்க்காதீர்கள், முப்பது மீட்டருக்குப் பேணியைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள். இன்னும் இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன். கெற்றப்போலுக்கு நல்ல ரியூப் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.