ஒருநாள் மௌனத் தியானம்: யாழ்ப்பாணத் தியான இல்லமொன்றில்

கடந்த தவக்காலத்தில் (உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலம்), யாழ்ப்பாண நகரிலிருந்து சற்றுத் தள்ளி, அருட்சகோதரிகள் நடத்தும் தியான இல்லமொன்றில், காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரையான மௌனத் தியானத்தில் கலந்துகொண்டேன். குறையொன்றும் சொல்லவிருப்பதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வீட்டில் செபிக்க அமர எனக்கு வாய்ப்பது காலை ஆறு மணி. கோடைகாலத்தில் அது ரொறன்ரோவில் முந்தைய நாள் இரவு எட்டரை மணி. வேலை முடிந்து வந்து அக்கா அழைக்கும் வேளை. எடுக்காவிட்டால் அவர் மனம் நோகும். எடுத்தால் செபம் அத்துடன் முடிந்துவிடும். என் செபத்தைக் கலைப்பது பாசம் என்பதனாலேயே அதை விலக்குவது இத்தனை கடினமாக இருக்கிறது.

வாசலில் ஓர் அருட்சகோதரி மூடியுள்ள பனையோலைப் பெட்டியொன்றை நீட்டினார். கைத்தொலைபேசிகளை அணைத்து, எண் எழுதிய துணிப்பட்டி சுற்றி, அதற்குள் வைத்தோம். மௌனம் யாழ்ப்பாணத் திருச்சபைக்குப் புதிதன்று. தோலகட்டியில் 1928 இல் அருட்தந்தை தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை மௌனத்தையும் செபத்தையுமே வாழ்வாகக் கொண்டது. அச்சபையை, அதன் துறவிகள் தயாரிக்கும் நெல்லிரசத்தின் மூலமாக மட்டுமே அறிந்தவர்கள் எம்மில் பலர் என்பது எனக்கு வருத்தம்.

காலையில் தரப்பட்ட வாசகம், எலியா இறைவாக்கினர் மலைக்குகையில் நின்றபோது பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் இறைவன் இல்லாதிருந்ததைச் சொல்லும் பகுதி. வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல் என்று 12ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவற சபையைச் சேர்ந்த குய்கோ வகுத்த நான்கு படிகளின்படி அதை வாசிக்கச் சொன்னார்கள். நான் எப்போதும் மூன்றாம் படியிலேயே நின்றுவிடுபவள். கேட்க வேண்டியவற்றைக் கேட்டு முடித்ததும் எழுந்துவிடுவேன். அன்று மாமரத்தின் கீழ், கேட்பதற்கு எதுவுமின்றி இருந்தபோது, முதல் ஒரு மணி நேரம் எரிவாயுச் சிலிண்டரும் மகளின் வகுப்புக் கட்டணமுமே மனத்தில் ஓடின. பிறகு வேலிக்கு அப்பால் காவோலையொன்று சரசரத்து விழுந்தது. திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. அவர் இருக்கிறார், நானும் இருக்கிறேன் என்ற அளவில் மனம் அடங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகளாகச் செபித்தும் அந்த நான்காம் படியை நான் அறியாதிருந்தேன்.

மதிய உணவு சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். மாலையில் பனங்கட்டியுடன் தேநீர். கட்டணமில்லை, விரும்பியதைக் காணிக்கையாகக் கொடுக்கலாம். கழிவறை தொலைவில் இருப்பதால் முதியோருக்குச் சிரமம்.

பெருங்குறை உரைகள்தாம். இருபது நிமிடங்கள் என்று அறிவிக்கப்பட்ட மூன்று உரைகளும் முக்கால் மணி நேரம் வரை நீண்டன. உரையாற்றியவர் ஆழ்ந்து கற்றவர், சொன்னவையும் நல்லவையே; ஆயினும் மதிய உரை முடிந்தபோது, காலை முழுவதும் காத்திருந்து பெற்ற அமைதி கலைந்து, நான் மறுபடியும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் ஓர் உரை போதும். மற்ற நேரத்தை மாமரத்தடிக்கே விட்டுவிடலாம்.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத் தியானத்துக்கும் பெயர் கொடுத்து, உரைகளைக் குறைக்கும்படி பொறுப்பான அருட்சகோதரிக்கு எழுதியுள்ளேன். அக்காவிடமும் விடயத்தைச் சொன்னேன். இப்போது அவர் அரை மணி நேரம் பிந்தி அழைக்கிறார்.